ஒரு சோறு பதம் பார்த்த மகாலனோபிஸ்



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மாணவர் பேரவைச் செயலாளர் அண்ணன் என்னைக் கேட்டார். நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்? பாரதியார் குடியிருந்த வீடும் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் எனக்கு நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு கல்கத்தாக்காரரை. பெயர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ். போட்டித் தேர்வுக் கையேடு புரட்டுகிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு வழி வகுத்தவர் யார் என்ற ஒரு மார்க் கேள்விக்கு இவர்தான் விடை. எனக்கும் முதலில் அவர் வெறும் ஒரு மார்க்தான். அப்புறம்தான் என் திருட்டைப் பிடித்த ஆளாக ஆனார். அதுவும் அவர் இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

அந்தத் திருட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

டீக்கடை பெஞ்சில் நடந்த சர்வே

போன கோடை விடுமுறையில் ஒரு தனியார் கம்பெனிக்காக சர்வே எடுக்கப் போனேன். படிவம் ஒன்றுக்கு இருபது ரூபாய். ஒவ்வொரு தெருவிலும் ஐந்தாவது வீடு, ஐந்தாவது வீடாகக் கதவைத் தட்ட வேண்டும். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, குடிக்க முடிகிறதா, திருப்தியா, திருப்தி இல்லையா என்று ஒன்பது கேள்வி. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கையில் அட்டை, கழுத்தில் அடையாள அட்டை, காதில் பேனா என்று நான் கிளம்பிய அழகைப் பார்த்து எங்கம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் நாள் ஒழுங்காகத்தான் போனேன். இரண்டாம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாம் நாள் தட்டிய கதவெல்லாம் பூட்டு. பகல் பதினொரு மணிக்கு உழைக்கிற ஜனம் வீட்டிலா இருக்கும்? நானும் கூட வந்த நண்பனும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மிச்சப் படிவங்களை நாங்களே நிரப்பிவிட்டோம். சந்தேகம் வராமல் இருக்க ரெண்டு பேனா மாத்தி மாத்தி எழுதினோம். என்னுடைய நாற்பது படிவத்தில் பதினொன்று அப்படிப் பிறந்தவை. அதிலும் பெரும்பாலும் திருப்தி என்றே டிக் அடித்தேன். ஏன் தெரியுமா? திருப்தி இல்லை என்று அடித்தால் கீழே காரணம் எழுத வேண்டும். திருப்தி என்றால் ஒரு டிக்கோடு வேலை முடிந்தது!

கொஞ்ச நாள் கழித்து, எங்கள் பகுதியில்தான் திருப்தி அதிகம் என்று சூப்பர்வைசர் ஒரு தாளைக் காட்டினார். எனக்கு சிரிப்பு வந்தது. அன்று வந்தது சிரிப்புதான். குற்ற உணர்ச்சி வர ஒரு லெவலிங் கிளாஸ் தேவைப்பட்டது.

குளோசிங் எரர் பூஜ்யமா?

சிவில் படிக்கிற நண்பர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். பெஞ்ச் மார்க்கில் ஆரம்பித்து, ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டைச் சுற்றி, திரும்ப அதே பெஞ்ச் மார்க்கில் வந்து முடிக்க வேண்டும். ஆரம்பித்த மட்டமும் முடித்த மட்டமும் சில மில்லிமீட்டர் வித்தியாசப்படும். அதுதான் குளோசிங் எரர். நாங்கள் நாலு பேர் என்ன செய்தோம்? மர நிழலில் உட்கார்ந்து ரீடிங்கை எல்லாம் சமைத்து, வித்தியாசம் பூஜ்யம் என்று ஃபீல்டு புக்கில் எழுதிக் கொடுத்தோம். சார் ஒரு பார்வைதான் பார்த்தார். உண்மையாக அளந்தவன் கொஞ்சமாவது தப்புவான், பூஜ்யம் வந்தாலே நான் சந்தேகப்படுவேன் என்று சொல்லி நாலு பேரையும் மறுபடி வெயிலில் நிறுத்தினார்.

அன்று சாயங்காலம் சார் இன்னொன்றும் சொன்னார். நிலத்தை அளக்கும் சர்வேக்கு குளோசிங் எரர் இருக்கிற மாதிரி, மனிதர்களைக் கேட்டு எடுக்கும் சர்வேக்கும் ஒரு சோதனையைக் கண்டுபிடித்தவர் கல்கத்தாவில் இருந்தாராம். பெயர் மகாலனோபிஸ். ஒரு மார்க் விடை திடீரென்று எழுந்து நின்றது. மறுநாள் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போனேன். சாரும் சில பக்கங்களை நகல் எடுத்துக் கொடுத்தார். அப்படிப் படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

ரயிலைத் தவறவிட்ட மாணவர்

மகாலனோபிஸ் பிறந்தது 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி, கல்கத்தாவில். பிரம்ம சமாஜக் குடும்பம். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்து 1912இல் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் இங்கிலாந்து போனார். லண்டனில் சேரத்தான் போனார். கேம்பிரிட்ஜைச் சும்மா சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் கடைசி ரயிலைத் தவறவிட்டார். ராத்திரி நண்பர் ஒருவரோடு தங்கினார். அங்கிருந்த கிங்ஸ் காலேஜ் தேவாலயத்தின் அழகில் மயங்கி, அந்தக் காலேஜிலேயே இடம் கேட்டுச் சேர்ந்துவிட்டார். பஸ்ஸைத் தவறவிட்டு அட்டெண்டன்ஸ் இழக்கிற நமக்கு இது கொஞ்சம் பொறாமையான சங்கதிதான்!

1914இல் அதே கேம்பிரிட்ஜுக்கு நம் கும்பகோணத்து ராமானுஜன் வந்து சேர்ந்தார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். ஒரு நாள் ராமானுஜன் அறைக்குப் போன மகாலனோபிஸ், அவர் குளிரில் நடுங்குவதையும், ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வை போர்த்தித் தூங்குவதையும் தெரிந்துகொண்டார். கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் அடுக்காக மெத்தையோடு சேர்த்துச் செருகப்பட்டிருக்கின்றன. அதை உருவி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. மகாலனோபிஸ்தான் செய்து காட்டினார். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. புது இடத்தில், எல்லாருக்கும் தெரிந்த ஒன்று நமக்கு மட்டும் தெரியாமல், கேட்கவும் வெட்கப்பட்டு நிற்பது எப்படியிருக்கும் என்று வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவனுக்குத் தெரியும். முதல் செமஸ்டரில் டிராஃப்டரை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் ரெண்டு கிளாஸ் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு சம்பவம். ஒரு பத்திரிகையில் வந்த புதிரை மகாலனோபிஸ் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வரிசையாக ஒன்று, இரண்டு என்று வீட்டு நம்பர். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள நம்பர்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள். அந்த வீட்டின் நம்பர் என்ன? மகாலனோபிஸ் போட்டுப் பார்த்து விடை கண்டார். ராமானுஜனோ அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டே, அந்தத் தெருவுக்கு மட்டுமல்ல, அப்படிப்பட்ட எல்லாத் தெருவுக்கும் சேர்த்து ஒரே விடையைத் தொடர் பின்னமாகச் சொல்லிவிட்டாராம்! 288 வீடு, 204ஆம் நம்பர். ஹாஸ்டல் நண்பர்கள் கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 20,706 வரும்.

1915இல் படிப்பு முடிந்து ஊர் திரும்பும் நேரம். முதல் உலகப் போரினால் கப்பல் தாமதமானது. அந்த இடைவெளியில் பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் இதழை ஓர் ஆசிரியர் அவருக்குக் காட்டினார். பழைய தொகுதிகளை மொத்தமாக வாங்கிக் கப்பலில் படித்துக்கொண்டே வந்தார். இயற்பியல்காரராகப் போனவர் புள்ளியியல் பைத்தியமாகத் திரும்பினார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டே, தன் அறையின் ஒரு மூலையில் புள்ளியியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார். 1931 டிசம்பர் 17இல் அது இந்தியப் புள்ளியியல் கழகமாக மலர்ந்தது. 1933இல் சங்க்யா என்ற ஆராய்ச்சி இதழையும் ஆரம்பித்தார்.

வெள்ளமும் சணலும்

நம் சிவில்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1922இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம். தண்ணீரைத் தேக்கி நிறுத்தப் பெரும் செலவில் தேக்கங்கள் கட்டலாம் என்ற யோசனை வந்தது. மகாலனோபிஸ் ஐம்பது வருஷ மழைக் கணக்கை எடுத்துப் பார்த்து, அது வீண் செலவு, தண்ணீர் வேகமாக வடிய வழி செய்வதுதான் தேவை என்றார். 1926இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம். ஆற்றுப் படுகை மேடிட்டுவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்றார்கள் எஞ்சினியர்கள். அவர் அறுபது வருஷக் கணக்கைப் பார்த்தார். படுகை உயரவேயில்லை! மேல்பகுதியில் பெய்த அதிக மழைதான் காரணம் என்று காட்டினார். அனுபவசாலிகள் சொன்னாலும் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்கிற துணிச்சல் அவருக்கு இருந்தது.

அவருடைய பெரிய வேலை சணலில் தொடங்கியது. வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் விளைகிறது என்று முன்கூட்டித் தெரிய வேண்டும். ஒவ்வொரு வயலாகப் போய் எண்ணினால் ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும். 1937இல் அவர் வேறு வழியில் இறங்கினார். வரைபடத்தில் குருட்டாம்போக்கில், அதாவது யார் விருப்பமும் கலக்காமல் சீட்டுக் குலுக்குவதுபோல், சின்னச் சின்ன இடங்களைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் போய்ப் பார்ப்பது. முதல் வருஷம் கொஞ்சம் இடம், அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் என்று சோதித்துக் கற்றுக்கொண்டு, 1941இல்தான் வங்காளம் முழுவதும் செய்தார். முழுக் கணக்கெடுப்புக்கு ஆகும் செலவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஆனது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஆனால் கல்யாண அண்டாவைக் கிளறும் சமையல்காரரைக் கேளுங்கள். மேலே வெந்திருக்கும், நடுவில் அரிசியாக இருக்கும், அடியில் பிடித்திருக்கும். கைக்கு எட்டிய மேல்சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் பந்தியில் மானம் போகும். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிய பிறகு எடுத்த ஒரு சோறுதான் பதம். மகாலனோபிஸ் செய்தது அந்தக் கிளறலைத்தான்.

இரண்டு குழு, ஒரே ஊர்

இப்போது என் திருட்டு மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறோம்.

படிவம் நிரப்புகிறவன் ஏமாற்றுவான் என்பது மகாலனோபிஸுக்குத் தெரியும். ஏமாற்றாதவனும் தப்பு செய்வான் என்பதும் தெரியும். வயலில் ஒரு சின்ன வட்டம் போட்டு அதற்குள் உள்ள பயிரை மட்டும் அறுக்கச் சொன்னால், கோட்டின் மேல் நிற்கும் செடியையும் கை தானாக உள்ளே சேர்த்துக்கொள்ளும். அதனால் வட்டம் சின்னதாக ஆக ஆக விளைச்சல் அதிகமாகத் தெரியும் என்று கண்டுபிடித்தார். திட்டிப் பயனில்லை, ஆணையிட்டும் பயனில்லை. ஆகவே ஒரு ஏற்பாடு செய்தார்.

ஒரே பகுதியில் இரண்டு மாதிரிகள். இரண்டும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தவை, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பவை. ஒன்றுக்கு ஒரு குழு, இன்னொன்றுக்கு வேறு குழு. இரண்டின் விடையும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் நம்பலாம். பெரிதாக வித்தியாசப்பட்டால் எங்கோ ஓட்டை. அந்த வித்தியாசத்தை மறைக்காமல் அறிக்கையிலேயே போட்டுவிடலாம். படிக்கிறவனே பார்த்துக்கொள்வான். நம் பாஷையில் சொன்னால், இதுதான் ஜனங்களைக் கேட்கும் சர்வேக்கு அவர் கண்டுபிடித்த குளோசிங் எரர்!

அன்றைக்கு எங்கள் தெருக்களுக்கு இன்னொரு குழு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் திருப்தியும் அவர்களுடைய திருப்தியும் ஒத்துப் போயிருக்காது. எண்பது வருஷத்துக்கு முன்னே வாழ்ந்த ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்த மாதிரி இருந்தது.

உப்பு சொன்ன கணக்கு

1947. தேசப் பிரிவினைக் கலவரத்தில் டில்லியில் ஏராளமான மக்கள் செங்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். உள்ளே போய்த் தலை எண்ண முடியாத நிலைமை. சாப்பாடு போடும் கான்ட்ராக்டர்களோ எக்கச்சக்கமாக பில் நீட்டினார்கள். மொத்தம் எத்தனை பேர்? இந்தியப் புள்ளியியல் கழகத்தோடு நீண்ட தொடர்புள்ள ஜே. எம். சென்குப்தா ஒரு வழி சொன்னார். பில்லில் உள்ள அரிசி, பருப்பு, உப்பு அளவுகளைத் தனித்தனியாக எடுத்து, ஒரு ஆளுக்கு இவ்வளவு என்ற அளவால் வகுத்துப் பார்ப்பது. அரிசிக்கு ஒரு தொகை வந்தது, உப்புக்கு அதைவிடக் குறைவான தொகை வந்தது. எது நிஜம்? உப்புதான்! அரிசி விலை கூடியது, அதில் பொய்க் கணக்கு எழுதினால் லாபம். மலிவான உப்பில் பொய் எழுதி யாருக்கு என்ன கிடைக்கும்?

நண்பர்களே, ஒரு புள்ளிவிவரத்தைப் பார்க்கும்போது இதைவிட நல்ல கேள்வி கிடையாது. இந்த எண் கூடினால் யாருக்கு லாபம்? என் டிக்கிலும் ஒரு லாபம் இருந்தது. காரணம் எழுதுகிற வேலை மிச்சம்.

நாட்டையே பதம் பார்த்தது

சுதந்திரத்துக்குப் பிறகு நேரு அரசு தேசிய வருமானத்தைக் கணக்கிட 1949இல் ஒரு குழு போட்டது. தலைவர் மகாலனோபிஸ். ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதற்கே நாட்டில் சரியான கணக்கு இல்லை. 1950இல் தேசிய மாதிரி ஆய்வு பிறந்தது. அந்த அக்டோபரில் தொடங்கிய முதல் சுற்றுக்குத் தேர்ந்தெடுத்தவை 1,833 கிராமங்கள்தான். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கிராமங்களுக்கு இது போதுமா என்று பலர் சிரித்திருப்பார்கள். ஆனால் கிளறி எடுத்த சோறு அல்லவா!

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதையும் அவர் விட்டுவைக்கவில்லை. போன வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் வரும் அளவு, போன மாதம் என்று கேட்டால் வரும் அளவைவிடக் கூடுதலாக இருப்பதை அந்த ஆரம்ப வருஷங்களிலேயே சோதித்துப் பார்த்தார்கள். ஆள் அதே ஆள், சோறு அதே சோறு. கேள்வி மாறியது, விடையும் மாறியது.

1945இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1956இல் இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் அவருடைய கழகத்தில்தான் வந்து இறங்கியது. கனரகத் தொழிலுக்கு முதலிடம் கொடுத்த இரண்டாம் திட்டத்தில் விவசாயத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார் என்ற விமர்சனமும் அவர் மேல் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்றவரை மட்டும் சோதிக்காமல் விடலாமா? 1968இல் பத்ம விபூஷண் பெற்றார். 1972 ஜூன் 28இல் மறைந்தார். விடிந்தால் பிறந்தநாள். 2007 முதல் ஜூன் 29 தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

எண்ணிக்கை பெரிதானால் போதுமா?

அவர் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் உண்டு. 1936 ஜனாதிபதித் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார்! டெலிபோன் டைரக்டரியையும் கார் வைத்திருப்போர் பட்டியலையும் பார்த்து முகவரி எடுத்ததுதான் முக்கியமான கோளாறு. அந்தப் பஞ்ச காலத்தில் டெலிபோனும் காரும் யாரிடம் இருக்கும்? அதிலும் பதில் போட்டவர்கள் கால்வாசிப் பேர்கூட இல்லை. அதே தேர்தலில் காலப் என்பவர் சுமார் ஐம்பதாயிரம் பேரை மட்டும் கேட்டு, ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்னார்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2004இல் வாஜ்பாய் அரசு திரும்ப வரும் என்ற கணிப்புகள் பொய்த்தன. 2024 ஜூன் 1ஆம் தேதி வந்த வாக்குக் கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன. மூன்று நாள் கழித்துப் பெட்டி திறந்தபோது கிடைத்தது 293. எந்தக் கட்சிக்காரரும் சந்தோஷப்படவோ வருத்தப்படவோ இதைச் சொல்லவில்லை. ஓட்டு சதவீதத்தைச் சொல்வது ஒரு கணக்கு, அதை இடங்களாக மாற்றுவது இன்னொரு கணக்கு. முதல் கணக்கில் சின்னப் பிசகு விழுந்தாலும் இரண்டாவதில் பெரிதாகிவிடும். ஒழுங்காகக் குலுக்கி எடுத்த ஆயிரம் பேரைக் கேட்டாலே மூன்று சதவீதம் இப்படியோ அப்படியோ போகும். ஒருவருக்கு 41, மற்றவருக்கு 39 என்று போட்டால் முன்னணியில் யார் என்று அந்த சர்வேக்கே தெரியாது என்றுதான் அர்த்தம். முப்பதாயிரம் சொச்சம் ஓட்டுள்ள நம் புதுச்சேரித் தொகுதிகளில் சில நூறு ஓட்டு ஆளை மாற்றிவிடும்.

யாரைக் கேட்டார்கள் என்பதற்கு நம் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் இந்தியாவோடு இணைய ஆதரவு 170, எதிர்ப்பு 8. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. ஆனால் ஓட்டுப் போட்ட 178 பேரும் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். தெருவில் போகிற பொதுஜனம் அல்ல. மகாலனோபிஸின் வங்காளத்தில் இருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூரில் 1949இல் மக்களே நேராக ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு 7,473, எதிர்ப்பு 114. இரண்டிலும் முடிவு ஒன்றுதான். ஆனால் தொண்ணூற்றைந்து என்று மட்டும் படிக்கிறவனுக்கு, கேட்டது யாரை என்பது தெரியாமலே போய்விடும்.

விடுபட்டுப்போன அம்மா

கடைசியாக ஒன்று. மகாலனோபிஸின் இரண்டு குழு முறை என் திருட்டைப் பிடித்திருக்கும். ஆனால் ஒரு தப்பை அதனாலும் பிடிக்க முடியாது. இரண்டு குழுவும் பகல் பதினொரு மணிக்கே வந்தால்?

எங்கம்மா மீன் விற்கிறாங்க. விடியுமுன்னே தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போய் ஏலம் எடுத்து, பெரிய மார்க்கெட்டில் கூடையோடு உட்கார்ந்து, வீடு திரும்ப மூன்று மணி ஆகிவிடும். இத்தனை வருஷத்தில் எங்கள் குப்பத்துக்கு எத்தனையோ சர்வேக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஒருத்தர்கூட எங்கம்மாவைக் கேட்டதில்லை. வீடு பூட்டியிருக்கும், பக்கத்து வீட்டைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். படிவம் நிரம்பிவிடும். மீன்காரி, சித்தாள், மில்லுக்குப் போகிறவர் எல்லாரும் விடுபட்டு, பகலில் வீட்டில் இருப்பவர்களின் கருத்தே ஊர்க் கருத்தாகிவிடும்.

இதெல்லாம் படித்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் அந்த ஒன்பது கேள்விகளை எடுத்து எங்கம்மாவிடம் கேட்டேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் மீன் செதில் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்கள். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அவங்க துறைமுகத்தில். நான் தூக்கத்தில். பிடித்து வைக்க ஆளில்லாமல் பாதி நாள் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். திருப்தி இல்லை என்று டிக் அடித்துக் காரணம் எழுத ஆரம்பித்தேன். படிவத்தில் விட்டிருந்த இரண்டு வரி போதவில்லை. என் சொந்த வீட்டுக்கே பொய்யாகிப் போன ஒரு பதிலை அல்லவா பதினொரு வீட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

சூப்பர்வைசரிடம் போய் உண்மையைச் சொன்னேன். வேலை எப்போதோ முடிந்துவிட்டது, விடு தம்பி என்றார். பதினொரு படிவத்துக்கான 220 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். தாளில் அந்த எண் மட்டும் அப்படியே இருக்கிறது. என்னால் மாற்ற முடியாதது அது ஒன்றுதான்.

நண்பர்களே! நாளை நாம் எஞ்சினியர்கள், சூப்பர்வைசர்கள், கணக்கெடுப்பாளர்கள் ஆகப் போகிறோம். ஒரு சதவீதத்தைப் பார்த்தால் கைதட்டும் முன் கேட்போம். எத்தனை பேரைக் கேட்டார்கள்? எப்படிப் பொறுக்கினார்கள்? எந்த நேரத்தில் போனார்கள்? கேள்வி எப்படி இருந்தது? செலவு யாருடையது, லாபம் யாருக்கு? சரிபார்த்தது யார்?

பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் கேண்டீன் பற்றிக் கருத்துக் கேட்கப் போவதாக அறிந்தேன். கேண்டீன் வாசலில் நின்று கேட்காதீர்கள். அங்கே நிற்பவன் ஏற்கெனவே சாப்பிட வந்தவன். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு வருகிறவனையும், காசில்லாமல் மதியம் லைப்ரரியில் உட்கார்ந்திருக்கிறவனையும் ரோல் நம்பர் குலுக்கித் தேடிப் பிடியுங்கள். இரண்டு குழுவாகப் போங்கள். வித்தியாசம் வந்தால் அதையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஒரு குழுவில் நான் வருகிறேன். படிவத்துக்குக் காசு வேண்டாம்.

கிளறிப் பார்ப்போம்! பிறகு பதம் சொல்வோம்!



— இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு